இந்திராணிக்கு வராத நோய்

அந்தமானில், எங்கள் ஹட் பேயில் கப்பல் டிக்கெட் எடுப்பது ஒரு தனிப் பிழைப்பு. போர்ட் பிளேருக்கு வாரத்தில் சில கப்பல்கள்தான். கடலுக்குக் கோபம் வந்தால் அதுவும் கிடையாது. அதனால் கவுண்டர் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே செருப்பும் செங்கல்லும் தண்ணீர் பாட்டிலுமாக வரிசையில் நிற்கும். ஆட்கள் பிறகுதான் வருவார்கள். அந்த வரிசையில் பெற்ற தாய்க்கும் யாரும் வழிவிட மாட்டார்கள். ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆளை முன்னால் விட்டுவிடுவார்கள். பெங்காலியோ, தெலுங்கோ, ராஞ்சிக்காரரோ, நிக்கோபாரியோ, "பேஷண்ட்" என்று ஒரு சொல் விழுந்துவிட்டால் போதும், வரிசை தானாக இரண்டாகப் பிரியும். இது யாரும் போட்ட சட்டமில்லை. எங்கள் தீவின் மரியாதை.

இந்திராணிக்கு வரிசை என்றாலே ஆகாது. ரேஷன் கடையிலும் சரி, கோயில் பிரசாதத்துக்கும் சரி, எப்படியோ முன்னால் போய் நின்றுவிடுவாள். கேட்டால், "எங்க தாத்தா காலத்துல இருந்து நாங்க நின்ன லைனுக்கெல்லாம் சேத்து எனக்கு ஒரு கன்செஷன் வேணாமா?" என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சிலோன் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர். அப்பா பதுளையில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்த பிறகு திரும்பக் கப்பல் ஏற்றப்பட்டவர். மண்டபம் முகாமில் கொஞ்ச காலம், பிறகு இன்னொரு கப்பல், ஹட் பே பாம் ஆயில் தோட்டம். அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்த முதல் பிள்ளைகளில் இந்திராணியும் ஒருத்தி.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பிலிருந்த கோழிக் குழம்பை விட மனசில்லாமல் சட்டியோடு மேட்டுக்கு ஓடியவள் அவள். அன்று மேட்டில் கூடியிருந்த பிள்ளைகள் எல்லாம் அந்தக் குழம்பைத்தான் சாப்பிட்டார்கள். அன்றைக்குப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி இந்திராணி வாயே திறக்க மாட்டாள். குழம்பைப் பற்றி மட்டும் எத்தனை முறை கேட்டாலும் சொல்லுவாள்.

பிறகு தோட்ட வேலை சுருங்கிவிட்டது. அங்கன்வாடியில் ஹெல்பராகச் சேர்ந்தாள். புருஷன் பொன்னுத்துரைக்கு கப்பல் அணைகிற ஜெட்டியில் கயிறு கட்டுகிற வேலை. அரசாங்கம் கட்டிக்கொடுத்த சுனாமி வீடு. மகள் ரூபா போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் சித்தி வீட்டில் தங்கிக் காலேஜ் படித்தாள். எல்லாம் சரி. அடுத்த வீட்டு ஜெயலட்சுமியோடு மட்டும் பேச்சுவார்த்தை இல்லை.

ஜெயலட்சுமி தூத்துக்குடிக்காரி. அவள் புருஷன் முனியாண்டி ரோடு கான்ட்ராக்டர். வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பாள். ஹட் பேயில் நடந்த பாதிக் கல்யாணங்களின் ஜாக்கெட் அவள் தைத்ததுதான். அப்படி ஒரு மணப்பெண்ணின் பட்டு ஜாக்கெட் மேல் இந்திராணியின் சேவல் மழைச் சேற்றுக் காலோடு நடந்துவிட்டது. சேவலைக் கட்டிப்போட வேண்டுமா, ஜாக்கெட்டை உள்ளே காயப்போட வேண்டுமா என்பதுதான் வழக்கு. இரண்டு வருஷமாகத் தீர்ப்பு வரவில்லை. சேவல் அதற்குள் குழம்பாகிவிட்டது, சண்டை மட்டும் உயிரோடு இருந்தது.

இரண்டாயிரத்துப் பதிமூன்றில், ஆனி மாதம் என்று நினைக்கிறேன், நர்ஸ் ஷீலா சிஸ்டர் அங்கன்வாடிக்கு வந்து ஒரு விஷயம் சொன்னார். மெயின்லாண்டிலிருந்து ஒரு டாக்டர் குழு போர்ட் பிளேருக்கு வந்திருக்கிறது. நோய் நொடி இல்லாத பெண்களின் மார்பிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். விருப்பப்பட்டவர்கள் போகலாம். கூடவே முழுப் பரிசோதனையும் செய்து தருவார்கள்.

மற்ற பெண்கள் எல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். இந்திராணி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"கப்பல் டிக்கெட் அவங்க குடுப்பாங்களா சிஸ்டர்?"

"தருவாங்க. ஆனா லைன்ல நின்னு நீதான் வாங்கணும்."

மகளைப் பார்த்து நாலு மாதம் ஆகியிருந்தது. சரி என்றுவிட்டாள்.

மறுநாள் வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு பெரிய கூட்டம். நானும் அதில் நின்றிருந்தேன். நேதாஜி நகர் பெங்காலிப் பெரியவர் ஒருவர் எங்கே பயணம் என்று விசாரித்தார். இந்திராணி உள்ளதைத்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கு." என்ன உடம்புக்கு என்றார். அவள் கையை நெஞ்சில் வைத்து, "இங்கே, ஊசி போட்டு சதை எடுக்கறாங்க" என்றாள். பெரியவர் முகம் மாறியது. "அரே, பேஷண்ட் ஹை! ஆகே ஜானே தோ!" என்று குரல் கொடுத்தார். வரிசை பிரிந்தது. நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விலகினோம்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், ஐயோ எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பார்கள். இந்திராணிக்குக் கண்ணெதிரே ஒரு வரிசை திறந்து வழிவிடுகிறது! பிறவியிலேயே கிடைக்காத பாக்கியம். முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போய்விட்டாள்.

போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனதும் டாக்டர் மங்கையர்க்கரசி அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். வேலூர்ப் பக்கத்துப் பெண், சிரித்த முகம்.

"நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்கு மேலயும் சர்க்கரை மூலக்கூறுகள் கிளை கிளையா ஒட்டிக்கிட்டு இருக்கும். நீங்க டீயில போடற சீனி இல்ல. செல்லே தனக்குன்னு கட்டிக்கறது. பக்கத்துல வர்ற இன்னொரு செல், இது யாருன்னு அதைத் தொட்டுத்தான் தெரிஞ்சுக்கும்."

"சட்டை மாதிரியா?"

"சட்டைன்னே வச்சுக்குங்க. சில வம்சாவளிப் பொண்ணுங்களுக்கு மார்புப் புற்றுநோய் சின்ன வயசுலயே வருது, கடுமையாவும் வருது. ஏன்னு முழுசாத் தெரியல. நோய் வர்றதுக்கு முன்னாடியே, நல்லா இருக்கற சதையிலயே, இந்தச் சட்டை வம்சத்துக்கு வம்சம் வேற வேற மாதிரி இருக்குதோன்னு ஒரு சந்தேகம். நோயாளிகிட்ட எடுத்துப் பாத்தா, எது பிறவியில வந்தது, எது நோய் கொண்டு வந்ததுன்னு பிரிக்க முடியாது. அதனாலதான் ஒண்ணுமில்லாத ஆளா பாத்துக் கேக்கறோம்."

பிறகு பூர்வீகம் எது என்று கேட்டார். இந்திராணி தாத்தாவிலிருந்து தொடங்கி, புதுக்கோட்டை, பதுளை, மண்டபம், ஹட் பே என்று எல்லாத் துறைமுகத்தையும் சொல்லி முடித்தாள். டாக்டர் பேனாவைப் பிடித்தபடி இதில் எதை எழுத என்று விழித்தார்.

"மூணு தலைமுறையா கப்பல்லயே இருக்கோம் மேடம். கப்பல்னே போட்டுக்குங்களேன்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "கப்பல் ஏறுனது நீங்க. உங்க சதைக்கு அது தெரியுமோ என்னமோ. அது இன்னும் புதுக்கோட்டையிலயே இருக்கலாம். இல்ல, தோட்டத்து வேலையும் சாப்பாடும் அதையும் மாத்தியிருக்கலாம். அதைத்தான் தேடறோம்" என்றார்.

ஸ்கேன் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. வலது பக்கம் மரத்துப்போக வைத்து ஊசி போட்டுத் துளி எடுத்தார்கள். சின்னப் பிளாஸ்திரி ஒன்று. எறும்பு கடித்தது போலத்தான் இருந்தது என்று இந்திராணி பிறகு சொன்னாள். மகளோடு இரண்டு நாள் அபர்தீன் பஜாரைச் சுற்றிவிட்டு, புது நைட்டி இரண்டோடு கப்பல் ஏறினாள்.

ஹட் பே ஜெட்டியில் இறங்கியபோது அவள் பையை அவளால் தூக்க முடியவில்லை. நாலு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போனால் வாசல் பெருக்கிக் கோலம் போட்டிருந்தது. அவள் போட்டதில்லை. சாயங்காலத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டில், பன், ஆரஞ்சுப் பழம், வாழைத்தார். ஒரு தெலுங்கு அம்மாள் தலையைத் தடவிக் கண்ணீர் விட்டார்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருக்கறவங்ககிட்டதான் எடுப்பாங்க. அது ஆராய்ச்சி!" என்று இந்திராணி கத்தினாள்.

நல்லா இருக்கிற சதையை எந்த டாக்டராவது வெட்டுவானா? வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், மனசு ஏற்கவில்லை, போகப் போகச் சரியாகும் என்றார்கள். அவள் எவ்வளவுக்கு மறுத்தாளோ அவ்வளவுக்கு நோய் முற்றியது. மூன்றாம் நாள் முருகன் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. பொன்னுத்துரை இரண்டு வேளையும் ஹார்லிக்ஸ் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கப்பல் லைன்ல சொகமா முன்னால போனல்ல? இப்ப அனுபவி" என்றார்.

அடுத்த நாள் அந்தி நேரம், பின்கதவுப் பக்கம் யாரோ செருமினார்கள். பார்த்தால் ஜெயலட்சுமி. கையில் ஹார்லிக்ஸ் இல்லை, பன் இல்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கிறாள். சேவல் விஷயமாகத்தான் வந்திருக்கிறாள் என்று இந்திராணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

ஜெயலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ஏட்டி, உனக்கு எந்தப் பக்கம்?"

எனக்கு எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்ல இந்திராணி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெயலட்சுமி சொல்லிவிட்டாள்.

"எனக்கு இடது பக்கம்."

அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொங்கல் சமயத்தில் குளிக்கும்போது கையில் பட்டதாம். பட்டாணி அளவு இருந்தது இப்போது பெரிதாகிவிட்டதாம். புருஷனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. "எங்க அம்மா இதுலதான் போனா. இது எங்க வம்சத்துச் சீக்கு. செல்விக்குத் தூத்துக்குடியில சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கோம். வெளிய தெரிஞ்சா எம்புள்ளைய எவன் கட்டுவான்? ஒன்னைய மாதிரி ஊரறியச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லட்டி. அதான் ஒங்கிட்ட வந்தேன். ஒனக்குத்தான் தெரியும், இது எப்படி இருக்கும்னு."

இப்போது உண்மையைச் சொன்னால் இவள் எழுந்து போய்விடுவாள். போனால் மறுபடி யாரிடமும் வாயைத் திறக்க மாட்டாள். அது மட்டும் இந்திராணிக்கு நன்றாகப் புரிந்தது. புது நைட்டியின் கழுத்தை விலக்கிப் பிளாஸ்திரியைக் காட்டினாள்.

"எனக்கு வலது பக்கம்க்கா. அடுத்த கப்பல்ல மறுபடி போகணும். தனியா போக பயமா இருக்கு. நீங்க தொணைக்கு வர்றீங்களா? ஊரு என்னைத்தானே பேஷண்ட்டுன்னு நெனைக்கும். உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அங்க போயி நீங்களும் ஒரு தடவ காட்டிருங்க."

ஜெயலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சேவல் இப்ப எங்க?" என்று கேட்டாள்.

"தின்னாச்சு."

"நல்லது" என்றாள். வருகிறேன் என்பதற்கு அவள் பாஷையில் அதுதான் பதில்.

அன்றிலிருந்து இந்திராணி மறுப்பதை விட்டுவிட்டாள். யாராவது வந்தால் படுத்துக்கொண்டாள். பொன்னுத்துரை தலையில் அடித்துக்கொண்டார். "நமக்கும் ஒரு பொம்பளப் புள்ள இருக்கு, நெனப்பு இருக்கா?" என்றார். "ரூபா கல்யாணத்துக்கு இன்னும் நாள் கெடக்கு. அதுக்குள்ள ஊருக்கு வேற கதை கெடைச்சிரும்" என்றாள் இவள். மறுபடி வரிசை பிரிந்தது. பேஷண்டும் துணையும் முன்னால் போனார்கள்.

கப்பலில் பேஷண்ட் நாலு பூரி சாப்பிட்டாள். துணைக்கு வந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஜெயலட்சுமியை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, டாக்டரிடம் பிறகு தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இந்திராணி கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் டாக்டர் மங்கையர்க்கரசி எதிரே நடையிலேயே வந்துவிட்டார். "அட, கப்பல் இந்திராணி! உங்களுக்குத்தான் ஒரு குறையும் இல்லன்னு சொல்லி அனுப்பினேனே, மறுபடி ஏன் வந்தீங்க?"

ஜெயலட்சுமி திரும்பி இந்திராணியைப் பார்த்த பார்வையில் ஒரு கப்பலே மூழ்கியிருக்கும்.

"ஒனக்கு ஒண்ணும் இல்லியா?"

"இல்லக்கா."

"அடிப்பாவி! சண்டாளி! எங்கிட்ட நடிச்சியா? எம்மானத்த வாங்கத்தான் கூட்டிட்டு வந்தியா?" நடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஜெயலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டாள். "நான் ஊருக்குப் போறேன்."

"போங்க" என்றாள் இந்திராணி. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது, கோபமும் வந்துவிட்டது. "நல்லா போங்க. அடுத்த கப்பல் வெள்ளிக்கெழமதான். அதுவரைக்கும் ஜெட்டியில குந்திக்கிட்டு என்னைய திட்டுறதுக்கு, உள்ள போயி காட்டிட்டு வந்து திட்டுங்க!"

தீவுக்காரர்களுக்கு இந்த ஒரு வாதத்துக்கு மட்டும் மறுவாதம் கிடையாது. ஜெயலட்சுமி பையை அங்கேயே போட்டுவிட்டு டாக்டர் பின்னால் போனாள்.

இருந்தது அதுதான். ஆனால் பரவியிருக்கவில்லை. அம்மாவுக்கு வந்ததால்தான் எனக்கும் வந்ததா, என் மகளுக்கும் வருமா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாளாம். "வம்சம் ஒரு எச்சரிக்கைதாம்மா, தீர்ப்பு இல்ல. செல்வி வருஷா வருஷம் வந்து காட்டட்டும். நீங்க இன்னும் ஒரு வருஷம் மறைச்சிருந்தா எங்ககிட்ட சொல்ல ஒண்ணும் இருந்திருக்காது" என்றாராம் டாக்டர். முனியாண்டி வரவழைக்கப்பட்டார். அழுதார். அப்படியே மனைவியைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். ஊருக்குச் சொன்னது, அண்ணன் வீட்டில் விசேஷம், தங்கிவிட்டு வருவார்கள் என்று. போகும்போதும் ஜெயலட்சுமி இந்திராணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்திராணி மட்டும் திரும்பி வந்தாள். இப்போது உண்மையைச் சொல்லவும் வழியில்லை. எனக்கு ஒன்றுமில்லை என்று ஊரை நம்பவைத்தால், அப்புறம் எதற்கு ஜெயலட்சுமியோடு போனாய் என்ற கேள்வி வரும். அதனால் மாதக்கணக்கில் நோயாளியாகவே இருந்தாள். பங்குனி உத்திரத்துக்கு அவளுக்காக அங்கன்வாடிப் பெண்கள் பால்குடம் எடுத்தார்கள். வெயிலில் வெறுங்காலோடு அவர்கள் நடந்து வந்ததைப் பார்த்து இந்திராணி நிஜமாகவே அழுதுவிட்டாள். வெட்கத்தில் அழுதாள், அன்பு தாங்காமலும் அழுதாள். ஊர் அதைச் சாவுபயம் என்று எடுத்துக்கொண்டது. அவள் உடம்போ ஹார்லிக்ஸும் வாழைப்பழமுமாகச் சேர்ந்து நன்றாகப் பெருத்துவிட்டது. அதற்கு, "மருந்துல ஊதிப்போச்சு" என்று விளக்கம் சொன்னார்கள்.

சித்திரையில் ஒரு நாள் ஜெயலட்சுமி வரும் கப்பல் வந்தது. பொன்னுத்துரைதான் கயிறு கட்டினார். ஜெட்டியில் வழக்கமான கூட்டம். இந்திராணி தள்ளி, மீன் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றாள். திட்டு வாங்குவதானாலும் பரவாயில்லை, ஆளை உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

ஜெயலட்சுமி இறங்கினாள். இடுப்பு வரைக்கும் இருந்த கூந்தல் போய், பள்ளிக்கூடத்துப் பையன் போல முடி முளைத்திருந்தது. முக்காடு போடவில்லை. அவள் நேராக மீன் பெட்டிகளைப் பார்த்து நடந்தாள்.

"ஏட்டி, வெளிய வா!"

இந்திராணி வெளியே வந்தாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க!" ஜெயலட்சுமியின் குரல் கப்பல் மேல்தளம் வரைக்கும் கேட்டது. "இவளுக்கு ஒரு எழவும் கெடையாது. நீங்க பால்குடம் எடுத்தது, அர்ச்சனை பண்ணுனது எல்லாம் எனக்கு. கேன்சர் வந்தது எனக்கு. இடது பக்கத்த எடுத்தாச்சு. நான் பொழச்சு வந்திருக்கேன். இவ எனக்காக ஒம்பது மாசமா சீக்காளி வேஷம் போட்டா, பொய்க்காரி!"

யாரிடமும் சொல்லாதே என்று அடுப்படியில் குசுகுசுத்த அதே ஜெயலட்சுமி. இங்கே நடந்ததெல்லாம் போனில் அவள் காதுக்குப் போயிருக்கிறது. மகள் செல்வி பக்கத்தில் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயலட்சுமி இந்திராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வந்த ஹார்லிக்ஸ் எல்லாம் எங்கட்டி?" என்றாள்.

"அவரு குடிச்சுட்டாருக்கா."

கயிற்றைப் பிடித்தபடி நின்ற பொன்னுத்துரை கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தூத்துக்குடி மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. செல்வி இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் போர்ட் பிளேருக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு, அந்த ஆராய்ச்சிக்குத் தன் துளியையும் கொடுத்துவிட்டு வந்தாள். அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. இப்போது விம்பர்லிகஞ்சில் ஒரு ஸ்கூல் வாத்தியார் பெண் கேட்டு வந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார்.

போன மாதம் ஷீலா சிஸ்டர் மறுபடி அங்கன்வாடிக்கு வந்து, டாக்டர் குழு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை இந்திராணி ஆடி அசைந்து டிக்கெட் வரிசைக்கு வந்தாள். முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டாள். நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

வரிசை அசையவில்லை. முன்னால் நின்ற பெங்காலி அம்மாள் திரும்பிப் பார்த்து, "ஹம் பி" என்றார், நாங்களும்தான் என்று. அவருக்கு முன்னால் நின்ற தெலுங்குப் பெண்ணும், ராஞ்சிப் பெண்கள் இரண்டு பேரும், அங்கன்வாடிப் பெண்கள் எல்லோரும் அதற்குத்தான் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால், கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஜெயலட்சுமி நின்றிருந்தாள்.

"லைன்ல நில்லுட்டி" என்றாள்.

இந்திராணி முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் போய் நின்றாள்.